உப்புக் காற்றில் ஒரு மென்குரல்

ஆனையிறவு என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் தோன்றுவன இரண்டு. ஒன்று உப்பு, மற்றது போர். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளை அறிந்த எவரும் அக்கடனீரேரியைக் கடக்கையில் ஒரு கணம் வாயடங்கி இருப்பதே வழக்கம். அத்தகைய இடத்திலே, ஆங்கிலேயப் பாடகர் ஒருவரைப் பற்றி ஐந்தாறு பேர் கூடியிருந்து ஒன்றரை மணி நேரம் அளவளாவினோம் என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைத்தாலும் குற்றமில்லை. ஆயினும் அவ்வுரையாடலின் நடுவே, முப்பது ஆண்டுகளாக எவரிடமும் கூறாதிருந்த ஒரு குற்றத்தை நாம் கூற நேர்ந்தது. அதன் பொருட்டே இதனை எழுதத் துணிந்தோம்.

உயர்தர வகுப்பு மாணவர் சிலரை உப்பளம் காட்டுவதற்கு ஓர் ஆவணிச் சனிக்கிழமை அழைத்துச் சென்றிருந்தோம். கடனீரேரியின் நீரைத் தேக்கி, ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மெல்ல மெல்ல நகர்த்தி, வெயிலும் காற்றும் அதனைச் செறிவாக்க, முதலிற் சுண்ணச் சத்து படிந்து நீங்க, பின்னரே உப்பு விளைகின்றது என்பதை மாணவர் கண்ணாற் கண்டனர். பார்வை முடிந்தது, பேருந்து வரவில்லை. ஏ-9 வீதியோரத்துத் தேநீர்க்கடை ஒன்றில் ஒதுங்கினோம்.

கடையின் வாங்கிலே முதியவர் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர், 1990ஆம் ஆண்டு வடபகுதிப் புகையிரதம் நிற்கும் வரையில் அப்பாதையிற் காவலராகக் கடமையாற்றியவர். மற்றவர், ஓய்வுபெற்ற தாதி அம்மையார். காவலரின் கைத்தொலைபேசியிலிருந்து மெலிந்த ஒலியில் ஓர் ஆங்கிலப் பாடல் வந்துகொண்டிருந்தது. எம்முடன் வந்த மாணவன் ஒருவன் திடீரெனத் திரும்பி, "சேர், இது 'மூன் நைற்' படப் பாட்டு!" என்றான்.

"என்ன நைற், தம்பி? இது நான் அறுபத்தெட்டாம் ஆண்டு கேட்ட பாட்டு" என்றார் காவலர்.

இருவர் சொன்னதும் உண்மையே. 1968இல் வெளிவந்த 'எ மான் வித்தவுட் லவ்' என்னும் அப்பாடலை 2022இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று எடுத்தாள, உலகெங்கும் இளைஞர் அதனைத் தேடிக் கேட்கலாயினர். பாடியவர் எங்கிள்பேர்ட் ஹம்பேர்டிங்க். அப்பெயரைக் கேட்டதும் எமது நெஞ்சில் ஏதோ ஒன்று சுருக்கென்றது. ஆயினும் அப்போது யாதும் கூறினோமல்லோம்.

அதன் பின் பேச்சுக்குப் பஞ்சமிருக்கவில்லை. காவலர் முதலிற் தொடங்கினார்: "அப்ப எனக்குப் பதினைஞ்சு பதினாறு வயது, மாஸ்ரர். அண்ணற்றை றேடியோ. ஆங்கிலச் சேவையிலை இவற்றை பாட்டு வந்தால் புத்தகத்தை மூடிவைச்சிடுவன். சொல்லு விளங்காது, குரல் விளங்கும்."

தாதி அம்மையார் சிரித்தார். "கொழும்பிலை பயிற்சிக்குப் போன புதிசிலை எங்கடை விடுதிக்குள்ளை ரெண்டு கட்சி. ஒண்டு ரொம் ஜோன்ஸ் கட்சி, மற்றது எங்கிள்பேர்ட் கட்சி. ரொம் ஜோன்ஸ் தூரத்திலை நிண்டு கூப்பிடுவார். இவர் பக்கத்திலை இருந்து கதைப்பார். இரவுக் கடமை முடிச்சு வாற பிள்ளையளுக்குப் பக்கத்திலை இருந்து கதைக்கிற ஆள்தானே வேணும்?"

"அப்ப எங்கடை பி. பி. ஸ்ரீநிவாஸ் மாதிரி எண்டு சொல்லுங்கோவன்" என்றார், தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர்.

இசை நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அக்கடைக்காரர் ஒரு வரியில் விளக்கிவிட்டார் என்றே எமக்குத் தோன்றியது. ஒலிபெருக்கி இல்லாத நாளில், கிட்டப்பா போன்ற நாடக மேதையர் கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் கேட்கும் வண்ணம் உச்சத்தில் நின்று பாடவேண்டியிருந்தது. மேனாட்டிலும் நிலைமை அதுவே. 1920களின் நடுப்பகுதியில் மின்முறை ஒலிப்பதிவும் ஒலிவாங்கியும் பரவிய பின்னரே, பாடகன் தன் குரலைத் தாழ்த்தி, ஒருவர் செவியில் உரைப்பதுபோற் பாடுதல் இயல்வதாயிற்று. மென்குரற் பாடகர் என்னும் இனம் இவ்வாறு கருவியொன்றின் துணையாற் பிறந்ததாகும். 1941இல் இலண்டன் மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் மாண்ட அல் போலி, பேருந்துச் சாரதியாயிருந்து பாடகரான மற் மன்றோ ஆகியோர் பிரித்தானியாவில் அவ்வழி வந்தவர்கள். நம்மிடையே ஏ. எம். ராஜாவும் பி. பி. ஸ்ரீநிவாசும் அவ்வழியினரே.

இதற்குள் மாணவன் தன் தொலைபேசியில் எதையோ தேடிக் கண்டு துள்ளினான். "சேர், இவர் சென்னையிலை பிறந்தவராம்! எங்கடை ஆள்!"

அதுவும் உண்மையே. ஆர்னல்ட் ஜோர்ஜ் டோர்சி என்னும் இயற்பெயருடைய இவர், 1936 மே 2ஆம் நாள் சென்னையிற் பிறந்தவர். தந்தையார் பிரித்தானியப் படையிற் பணியாற்றியவர், பிள்ளைகள் பதின்மர். சிறுவனுக்குப் பத்து வயதாயிருக்கையிற் குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்ரர் நகருக்குச் சென்றது. ரொம் ஜோன்சையும் இவரையும் உலகறியச் செய்த முகவரான கோடன் மில்ஸ் என்பவரும் சென்னையிலேயே பிறந்தவர் என்பது வியப்பான ஒற்றுமை. விடுதியின் இரு கட்சிகளுக்கும் வேர் ஒன்றே என்று கேட்டபோது தாதி அம்மையார் கன்னத்திற் கை வைத்துக்கொண்டார்.

ஆயினும் காவலர் அவ்வளவில் இணங்கவில்லை. "தம்பி, இந்த இடத்தாலை யானை இறங்கி யாழ்ப்பாணம் போனதெண்டுதான் ஆனையிறவு எண்டு பேர். அதுக்காக ஊர் யானையின்ரை சொந்தமே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். மாணவன் மட்டும் சற்று நாணினான்.

நாம் அவனுக்குத் துணை நின்று சில சொன்னோம். இப்பாடகர் 1959இலேயே முதல் இசைத்தட்டை வெளியிட்டார், எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் காசநோய் கண்டு தொழிலை இழந்து மீண்டார். 1965இல் முகவர் இவருக்கு ஜேர்மானிய இசையமைப்பாளர் ஒருவரின் பெயரைச் சூட்டினார். 1967இன் தொடக்கத்தில், இலண்டன் பலேடியம் அரங்கிலிருந்து ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியொன்றில் வேறொரு பாடகர் வர இயலாதுபோகவே, அவ்விடத்தில் இவர் நின்று 'ரிலீஸ் மீ' என்னும் பாடலைப் பாடினார். அவ்வொரு மாலையின் பின் அவர் வாழ்வு மாறியது. அப்பாடல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. பீற்றில்ஸ் குழுவினரின் இசைத்தட்டையும் முதலிடத்திற்கு வரவொட்டாமற் தடுத்தது. ஐம்பத்தாறு வாரம் தொடர்ந்து அப்பட்டியலில் இருந்தது. அப்பாடலோ அவருக்கு முன்னரே அமெரிக்கர் பலர் பாடியது.

இவ்வாறு, சென்னையிற் பிறந்த ஓர் ஆங்கிலேயர், ஜேர்மானியப் பெயர் பூண்டு, அமெரிக்கப் பாடலொன்றை இலண்டனிற் பாட, அது வானொலி வழியே வன்னிக்கு வந்து, சொல் விளங்காத பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் பாடப்புத்தகத்தை மூடச் செய்தது. இதில் எவர் எவருக்குச் சொந்தம்? 'கேட்டவருக்கே சொந்தம்' என்று நாம் முடிவுரை கூற வாய் திறந்தோம். திறந்த வாய் அப்படியே நின்றது. அவ்வாறு கூறும் தகுதி எமக்கு இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

எமது தந்தையார் இதே உப்பளத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். காலையில் நீறணிந்து தேவாரம் ஓதுவார்; மாலையில் வேலை முடிந்து வந்து எங்கிள்பேர்ட் கேட்பார். இவ்விரண்டிற்கும் இடையே முரண் உண்டென்று அவர் எண்ணியதே இல்லை. 1990இன் தொடக்கத்திற் கொழும்பிலிருந்து வந்த சித்தப்பா, அப்பாடகரின் பாடல்களைப் பதிந்த கசெற் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். சில மாதங்களிற் போர் மூண்டது. உப்பளம் நின்றது. நாம் பரந்தனை விட்டு அக்கராயன் பக்கம் பெயர்ந்தோம். எடுத்துச் சென்ற சில பொருள்களில் அந்தக் கசெற்றும் இருந்தது.

மின்சாரம் இல்லை, பெற்றரி கிடைப்பதரிது. அக்காலத்தை அறிந்தவர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஈருருளியைத் தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரத்தின் டைனமோவிலிருந்து கம்பி இழுத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் கேட்பார். மிதிக்கும் பொறுப்பு எமது. கால் தளர்ந்தாற் பாடகரின் குரலும் தளர்ந்து தடிக்கும். விரைந்து மிதித்தால் மீளும். தந்தையார் கண்களை மூடியபடியே, "மெதுவாய்... ஒரே சீராய்" என்பார்.

1995இல் எமக்குப் பதினாறு வயது. பேச்சுப் போட்டியொன்று வந்தது. தலைப்பு 'தாய்மொழிப் பற்று'. எமது குரலை நாமே கேட்டுத் திருத்தப் பதிவு செய்ய விரும்பினோம். வெற்றுக் கசெற் இல்லை. தந்தையாரின் கசெற் கண்ணிற் பட்டது. அதன் மேல் வேறெதுவும் பதியாதிருக்கும் பொருட்டுச் சித்தப்பா அதன் சிறு நாக்கை முறித்தே கொடுத்திருந்தார். அக்குழியிற் கடதாசியைத் திணித்தோம். தம்பியை மிதிக்கச் செய்து, மூன்று நாள் திரும்பத் திரும்பப் பதிந்து பயின்றோம். அந்நியன் பாட்டு அழிந்தால் அழியட்டும் என்றுகூட அன்று எண்ணினோம். அதனை ஒரு தொண்டாகவே கருதினோம் என்றாலும் பொய்யில்லை.

நாலாம் நாள் மாலை தந்தையார் வழமைபோல் அமர்ந்தார். தடுக்கத் துணிவின்றி ஏறி மிதித்தோம். பாடகரின் குரல் வரவில்லை. "அவையோர்களே" என்று எமது குரல் வந்தது. தந்தையார் கண் திறந்தார். நிறுத்தச் சொல்வார் என்று காத்திருந்தோம். சொல்லவில்லை. அப்பக்கம் முடியும் வரை முழுவதையும் கேட்டார். பின்னர், "நல்லாய்த்தான் பேசியிருக்கிறாய். 'ழ' மட்டும் இன்னும் திருந்த வேணும்" என்று கூறி எழுந்து கிணற்றடிக்குப் போனார். அதன் பின் ஒருநாளும் எம்மை மிதிக்கச் சொல்லவில்லை. போட்டியில் எமக்குப் பரிசும் கிட்டவில்லை. 2004இல் அவர் மறைந்தார். மன்னிப்புக் கேட்கும் ஒரு வாக்கியத்தை ஒன்பது ஆண்டுகளாக எமது நாவினால் அமைக்க முடியவில்லை.

இதனைக் கூறி முடித்தபோது கடையில் எவரும் பேசவில்லை. தாதி அம்மையாரே முதலிற் சொன்னார்: "தம்பி, அந்த மனிசனுக்குப் பாட்டைவிடப் பிள்ளையின்ரை குரல் பெரிசாய் இருந்திருக்கும். யோசியாதையுங்கோ."

அவ்வாறு எண்ணுதல் ஆறுதல் தருவதே. ஆயினும் ஆறுதல் தருவன யாவும் உண்மையாகிவிடா. அவர் எமது பேச்சை விரும்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் இழந்தது இழந்ததே. இடம்பெயர்ந்த வாழ்வில் அவருக்கென்று எஞ்சியிருந்த அரை மணி நேரத்தை, அவரைக் கேளாமலே நாம் எடுத்துக்கொண்டோம். தாய்மொழிப் பற்றுக்கு அது தேவைப்படவில்லை என்பதைத் தமிழ் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே விளங்கிக்கொண்டோம்.

மாணவன் மெல்ல, "சேர், 'ரிலீஸ் மீ' போடட்டோ?" என்றான். வேண்டாம் என்று சொல்ல எண்ணி, தலையசைத்துவிட்டோம். பாடல் எழுந்தது. அதன் உண்மையான வேகத்தை அன்றுதான் அறிந்தோம். எமது நினைவிலிருந்த குரலில் ஒரு நடுக்கம் உண்டு. துயர் மிகுதியால் அவர் அவ்வாறு பாடினார் என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தோம். இங்கோ குரல் சற்றும் தளம்பாமல் வந்தது. அந்நடுக்கம் பாடகருடையதன்று; மிதித்த எமது கால்களுடையது. "ஒரே சீராய்" என்று தந்தையார் ஏன் சொன்னார் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. பாடல் எவ்வாறிருக்க வேண்டும் என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே.

பாடகர் 2021இல், பல்லாண்டு மறதிநோயால் வாடிய தம் மனைவியை இழந்தார் என்று காவலர் சொன்னார். எல்லாரும் சிறிது நேரம் அவருக்காகவும் வருந்தினோம். தொலைவிலுள்ள ஒருவருக்காக ஆனையிறவில் ஐந்தாறு பேர் வருந்துவது விந்தையே. ஒரே குரலை வெவ்வேறு இரவுகளிற் கேட்டவர்களிடையே அவ்வாறான உறவு உண்டாகிவிடுகின்றது போலும்.

பேருந்து வந்தது. காவலர் பழைய பழக்கத்தினாற் கைக்கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்லி விடைகொடுத்தார். ஏறி அமர்ந்த பின் மாணவன் தயங்கித் தயங்கி, "சேர், அந்த 'ழ' பிறகு திருந்திச்சுதோ?" என்று கேட்டான். திருந்தியது என்றே நினைக்கின்றோம். ஆனால் அதனைக் கேட்டுச் சொல்லத்தக்கவர் இப்போது இல்லை.

இளம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர் எவரேனும் பழைய பாட்டொன்றை, அது எம்மொழிப் பாட்டாயினும், தமக்குள் முணுமுணுக்கக் கேட்டால், அது என்ன பாட்டு என்று வினவுங்கள். வினவிய பின் அருகிலிருந்து முழுவதையும் கேளுங்கள். இக்காலத்தில் அதற்கு எவரும் சக்கரம் மிதிக்க வேண்டியதில்லை.