கணக்கில் விடப்பட்டவர்கள்

தியானப் பகுதி: லூக்கா 15:3-7



2022 ஜூலையில் நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலுக்காகத் திரௌபதி முர்முவும் யஷ்வந்த் சின்ஹாவும் ஆதரவு தேடினார்கள். கல்வராயன் மலைப் பழங்குடியினரிடையே ஊழியஞ்செய்கிற நான், சந்தால் பழங்குடிப் பெண்ணொருவர் போட்டியிட்ட அந்தத் தேர்தலை ஆவலோடு கவனித்தேன். ஆனால் எனக்கு அதில் நேரடி வாக்கில்லை. நம் சட்டமன்ற உறுப்பினருக்கு உண்டு. அவ்வாக்கின் மதிப்பு 176. தமிழகத்தின் 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையை 234 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் ஏறக்குறைய 1,76,065 பேர். ஆயிரம் பேருக்கு ஒன்றாகக் கணக்கிடுவதால் மீதி 65 பேர் விடப்படுகிறார்கள்.

சட்டத்தில் அது பிழையல்ல. நானும் அப்படியே எண்ணியிருந்தேன் என்பதே என்னைக் குத்தியது. சபை அறிக்கையில் ஆராதனைக்கு வருவோர் "ஏறக்குறைய அறுபது பேர்" என்று எழுதியிருந்தேன். மலையிலிருந்து வரும் ஒரு விதவைத் தாயார் மூன்று மாதமாக வராததை அந்த "ஏறக்குறைய" மறைத்துவிட்டது. அவ்வாரமே மலையேறினேன். முழங்கால் வலியால் பேருந்து நிறுத்தம்வரை நடக்க இயலாதிருந்தார்.

"ஐயரே, என்னைத் தேடியா வந்தீங்க?" என்றார். நான் வெட்கப்பட்டேன்.

தேர்தல் கணக்கு மீதியை விடலாம், மேய்ப்பன் விடலாகாது. இந்த வாரம் உங்கள் "ஏறக்குறைய"வில் மறைந்திருப்பவர் யார்? அவரைத் தேடிச் செல்லக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.