அங்கேயும் சீமை மரம்!

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் வழியில் ஆமத்தூரில் இறங்கிப் பாருங்கள், நேயர்களே! எந்தப் பக்கம் திரும்பினாலும் சீமைக் கருவேல்தான். மின்சாரத்துக்கும் மரத்துக்கும் பகை என்று டீக்கடையில் ஓர் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"கம்பியிலே கிளை உரசுமே, அதைச் சொல்றீங்களா தம்பி?"

அதுவல்ல, நான் சொன்னது நீலகிரிக் கதை. 1932-ல் தொடங்கிய பைகாரா மின்நிலையத்துக்குக் கிளன்மார்கன் உச்சியிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. அந்த மலையெல்லாம் ஒரு காலத்தில் புல்வெளி. புல் மழையை வாங்கி, கோடையிலும் சிறுகச் சிறுக ஓடைக்கு விடும். வெறும் புல்தானே என்று வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே கற்பூர மரம் நட்டார்கள். விறகு கிடைத்தது, வாஸ்தவந்தான். தண்ணீர்?

உதகை மண்வள ஆராய்ச்சியாளர்கள் கிளன்மார்கனில் அருகருகே இரண்டு ஓடைச் சரிவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றதில் 1972-ல் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் வைத்தார்கள். முதல் பத்து ஆண்டுகளில் அந்த ஓடையின் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது! அணைக்கு வராத தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுமா?

அண்ணாச்சி கருவேல் மண்டிய கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டினார்.

"அங்கேயும் சீமைச் சரக்குதானா!"