முடுக்குகளும் வரைபடமும்



நகர, வட்டாரத் திட்டமிடல் படிக்கிறேன் என்று சொன்னால், "வீடு கட்டும் படிப்பா?" என்றே ஊரில் பலரும் கேட்கின்றனர். ஒரு வீட்டைக் கட்டடக் கலைஞர் வரைவார். ஆயிரம் வீடுகளுக்கு நடுவே சாலை, குடிநீர், வடிகால், பள்ளிக்கூடம், திடல் ஆகியவை எங்கே அமைய வேண்டும் என்பதை ஆராய்வது எங்கள் படிப்பு.

நிலப்பயன் வரைபடம் தீட்டுவது இதன் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்திற்கு நீலம், தொழிலுக்கு ஊதா, பொது நிறுவனங்களுக்குச் சிவப்பு, பூங்காவுக்குப் பச்சை என்பது நம் நாட்டு வழக்கம். பயிற்சிக்காக என் ஊரான காயல்பட்டினத்தை எடுத்துக்கொண்டேன். வரைந்து முடித்தபோது எங்கள் தெருக்கள் யாவும் ஒரே மஞ்சளாகத் தெரிந்தன. பெண்கள் புழங்கும் ஒடுங்கிய முடுக்குகளுக்கு அதில் இடமே இல்லை. என் உம்மா கல்யாண வீட்டுக்கும் மவுத்தான வீட்டுக்கும் செல்வது அவ்வழியாகத்தான்.

முடுக்குகளைத் தனிக் கோடுகளாகச் சேர்த்து வகுப்பில் வைத்தேன். "தீப்பிடித்தால் வண்டி எப்படி உள்ளே வரும்?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. பாதையின் அகலத்தில் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. பாதை போதிய அகலத்துடன் இருப்பது மக்களின் உரிமை என்பதை அதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன். அச்சமின்றி நடக்க ஒரு வழி இருப்பதும் உரிமையே. ஆகவே, வண்டி செல்லும் தெருக்களை ஆக்கிரமிப்பின்றிக் காப்பது, முடுக்குகளை நடைபாதைகளாகப் பதிவு செய்வது என இரண்டையும் பரிந்துரைத்தேன். பதிவு இல்லாத வழி, பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது எளிதில் சுவருக்குள் போய்விடும்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், வரைவுத் திட்டத்தின் மீது மக்கள் தம் ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் தெரிவிக்க வழி வைத்துள்ளது. அந்த வரைவைப் படித்துப் புரிந்துகொள்ள ஊரில் ஆள் வேண்டுமே! உம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நாங்க நடக்குற வழிய யாரும் எங்ககிட்ட கேட்டதில்லையே" என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் பாடநூல்களைவிடப் பெரிதாகப் பட்டது.

பிள்ளைகளைப் பொறியியலிலும் மருத்துவத்திலும் சேர்க்க விரும்பும் பெற்றோர் இப்படிப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்தோர், ஜேஇஇ முதன்மைத் தேர்வின் 2பி தாளை எழுதி, டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய நகரங்களிலுள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளில் நான்காண்டு இளநிலைப் படிப்பில் சேர முயலலாம். குறிப்பாக, பெண் பிள்ளைகளை அனுப்புங்கள். தாம் நடக்கும் வழி வரைபடத்தில் விடுபட்டால் அதை முதலில் காண்பவர்கள் அவர்களே.