புளியங்கொட்டைக் கணக்கு



ஒர்க் ஷாப்பில் வெர்னியரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் முந்தானையில் முடிந்திருந்த புளியங்கொட்டைதான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் அம்மா சத்துணவு சமையல் உதவியாளர். பிள்ளைகளுக்கெல்லாம் ஆயாம்மா, எனக்கு மட்டும் அம்மா. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 1989-இல் கலைஞர் சேர்த்த முட்டையும் பலருக்குப் பொது அறிவுக் கேள்வி. எங்கள் வீட்டுக்கு அதுதான் சோறு, அதுதான் சம்பளம்.

ஐந்தாம் வகுப்பு வரை ஆளுக்கு 100 கிராம் அரிசி, ஆறு முதல் எட்டு வரை 150 கிராம். வந்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை அமைப்பாளர் தினமும் பதிவேட்டில் எழுதி, அதற்குத் தக்கபடி அரிசி அளந்து கொடுக்க வேண்டும். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதனால் தட்டுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் பதிவேட்டை எட்டிப் பார்த்தேன். 78 என்று இருந்தது. அம்மாவின் கொட்டையோ 64. சின்ன வகுப்பில் 10 பேர், பெரிய வகுப்பில் 4 பேர் அதிகம். கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 1.6 கிலோ அரிசி, 14 முட்டை. மாதம் 20 நாள் இப்படியே நடந்தால் 32 கிலோ அரிசி, 280 முட்டை. அவ்வளவும் வேகாமலே செலவாகிவிடும்!

"அம்மா, இது தப்பும்மா" என்றேன்.

"வாயை மூடுடா. என் வேலை போச்சுன்னா உன் படிப்பும் போச்சு."

அன்றிரவு அவள் தூங்கவில்லை.

சில நாள் கழித்து ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பிள்ளைகள் சாப்பிட்டுக் கலைந்திருந்தார்கள். பதிவேட்டைப் புரட்டிக் கையெழுத்துப் போடப் போனவர், பேச்சுவாக்கில், "ஏம்மா, இன்னிக்கு எத்தனை தட்டு?" என்றார். அம்மா வாசலில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் கொட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்கய்யா. நீங்களே எண்ணிக்குங்க."

61 இருந்தது. பதிவேட்டில் 77.

மறுநாளிலிருந்து எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஆனால் மூன்று மாதம் அங்கே யாரும் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "எப்ப மாத்துவாங்களோ" என்று பயந்துகொண்டேதான் தினமும் அடுப்புப் பற்ற வைத்தாள்.

2022-இல் காலை உணவுத் திட்டமும் வந்துவிட்டது. திட்டம் கோட்டையில் பிறக்கலாம். அது பிள்ளையின் தட்டுக்கு வந்து சேர்ந்ததா என்பது அடுப்படியில் நிற்பவருக்குத்தான் தெரியும். நண்பர்களே, நாளை நாமும் சூப்பர்வைசர் ஆவோம், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம். போடுவதற்கு முன், படிக்கத் தெரியாத ஒருவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அவர் முந்தானையில் சரியான கணக்கு இருக்கும்!