சமநிலம்

என்னிடம் ஸர்வே ஆஃப் இந்தியாவின் டோபோ ஷீட் ஒன்று இருக்கிறது. 1:50,000 அளவு, 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு சமஉயரக் கோடு. பரங்கிமலையைச் சுற்றி அந்தப் பழுப்புக் கோடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அடிவாரத்தில் தளர்கின்றன. மேற்கே குத்தம்பாக்கம் வருவதற்குள் கோட்டைத் தேட வேண்டியிருக்கிறது. படத்தின்படி எங்கள் ஊர் சமநிலம்.

அதே மலையடிவாரத்தில்தான் 1802 ஏப்ரல் 10-ம் தேதி வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியைப் போட்டு அளக்கத் தொடங்கினார். தெற்கே சுமார் ஏழரை மைல், 57 நாட்கள். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்துதான் அளவை பிற்பாடு இமயம்வரை போயிற்று. 1808-ல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தில் ஏற்றும்போது கயிறறுந்து, அரை டன் தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் தாமே உட்கார்ந்து செப்பனிட்டார். இந்தச் சிரத்தைக்கு முன் வெகுகாலம் கைகட்டி நின்றவன் நான்.

அப்பாவுக்குப் படம் தெரியாது. மதகு திறந்தால் எந்தக் கழனிக்கு முதலில் தண்ணீர் பாயும், எது கடைசி, எந்த வரப்பு நாலு விரற்கடை தாழ்வு என்பதெல்லாம் தெரியும். நான் மனை பார்த்தபோது, "அங்க வாணாம்டா. தண்ணி அங்கதான் வந்து படுக்கும்" என்றார். நான் படத்தை விரித்தேன். "ஒரு கோடுகூட இல்ல பாருப்பா" என்றேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை.

2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அப்பா போய் அப்போது மூன்று வருஷம்.

படம் பொய் சொல்லவில்லை. இரண்டு கோடுகளுக்கு நடுவே இருப்பதைச் சொல்வதாக அது ஒப்புக்கொள்ளவே இல்லை. கோடு இல்லாத இடத்தில் மேடுபள்ளமும் இல்லை என்று வாசித்தவன் நான். கவிதைகளையும் இப்படித்தான் படித்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. கையிலிருந்த அளவுகோலுக்கு அகப்படாததைத் தட்டை என்று எழுதினேன். அது அச்சிலும் வந்தது. அவற்றில் சிலவற்றை எடுத்து மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். படிப்பது எளிதாக இல்லை.

சுவரில் அந்த ஈரக்கறையின் மேல்விளிம்பு இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க ஆள் வந்தபோது அந்தச் சுவரை விட்டுவிடச் சொன்னேன். கூடத்திலிருந்து சமையலறைவரை ஒரே உயரத்தில் போகிறது. எங்கள் வீட்டின் சமஉயரக் கோடு அது.