ஒரு முடிச்சு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்ட பதிவு இது. தங்கமணிக்கே சொல்லாத விஷயம்ங்கிறதுதான் காரணம்.

போன ஆகஸ்ட்ல யோசமிட்டி போயிருந்தோம். எல்லாரும் போட்டோ எடுக்கிற பள்ளத்தாக்கு இல்லை. அதுக்கு மேல, டியோகா ரோட்டுல இருக்கிற டுவாலமி மெடோஸ். அங்கேயிருந்து பார்த்தா கோயில் கோபுரம் மாதிரி ஒரு கிரானைட் சிகரம் தெரியும். பேரே கதீட்ரல் பீக். உயரம் 10,911 அடி. 1869 செப்டம்பர்ல ஜான் மியூர் கயிறு கூட இல்லாம தனியா ஏறின மலை. அப்ப அவருக்கு ஆட்டு மந்தையோட போற வேலை!

பனியுகத்துல பனியாறு சுத்தியிருந்த மலைகளை எல்லாம் வழிச்சு மழுங்கடிச்சப்ப, இதோட உச்சி மட்டும் பனிக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்ததாம். அதனாலதான் இன்னமும் அவ்வளவு கூர். பாறை முழுக்க கட்டி கட்டியா ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் துருத்திக்கிட்டு நிக்கும். கைக்கும் காலுக்கும் அதான் பிடிமானம். நாங்க போன தென்கிழக்கு வழி 5.6 கிரேடுதான். ஏறத் தெரிஞ்சவங்களுக்கு 'சுலபம்'. அந்த ஒரு வார்த்தைதான் வினை.

கூட வந்தவன் ஆபீஸ்ல ஜூனியர், கோயமுத்தூர்ப் பையன். பாறையேற வந்து ரெண்டே வருஷம். நான் பத்து வருஷமா ஏறுறேன். அதனால முதல்ல கயிறோட ஏறுறது நான், கீழேயிருந்து கயிறு விடுறது அவன்.

சியரா மலையில கோடை மத்தியானம் இடி மின்னல் சகஜம். அதுக்குள்ள இறங்கிடணும்னு விடியறதுக்கு முன்னாலேயே நடக்க ஆரம்பிச்சோம். பாறை அடிவாரத்துல கயிறை ஹார்னஸ்ல கோத்துக்கிட்டு இருக்கும்போது, பின்னாடி வந்த ரெண்டு பேர் வழி கேட்டாங்க. பெரிய வாத்தியார் மாதிரி கை நீட்டி விளக்கம் சொன்னேன். குளிருதேன்னு ஜாக்கெட்டை இழுத்து விட்டுக்கிட்டு, "போலாம்டா"ன்னு பாறையில கை வெச்சேன்.

"அண்ணே, முடிச்சைக் காட்டுங்க."

"பத்து வருஷமா கட்டுறேன்டா."

"தெரியும்ணே. காட்டுங்க."

சுள்ளுன்னு வந்தது எனக்கு. அவன் பதில் பேசாம கிட்ட வந்து ஜாக்கெட்டைத் தூக்கினான். எட்டு வடிவ முடிச்சுல முதல் பாதி மட்டும் இருந்தது. ஹார்னஸ்ல நுழைச்ச நுனி திரும்பி வராம சும்மா தொங்கிக்கிட்டு இருந்தது. லேசா இழுத்தான். கயிறு உருவிக்கிட்டு அவன் கையோட வந்துடுச்சு.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை.

லின் ஹில்னு ஒரு அம்மா. உலகத்தின் தலைசிறந்த பாறையேறிகள்ல ஒருத்தர். 1989ல பிரான்ஸ்ல இதே தப்பைப் பண்ணி 70 அடிக்கு மேல விழுந்தாங்க. முடிச்சுப் போடுற நடுவுல ஷூ மாட்டப் போயிட்டாங்க, அவ்வளவுதான். மரக்கிளைகள்ல பட்டு விழுந்ததால பிழைச்சு, 1993ல எல் கேபிட்டனோட 'நோஸ்' வழியை முதன்முதலா கையும் காலும் மட்டும் வெச்சு ஏறிக் காட்டினாங்க. இந்தக் கதையை அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்!

திரும்ப முடிச்சுப் போட்டேன். அவன் பார்த்தான். அவன் ஹார்னஸை நான் பார்த்தேன். ஏறினோம். உச்சியில நாலு பேர் உட்காரத்தான் இடம். கீழே பட் ஏரி நீலமா மின்னுச்சு. "தேங்க்ஸ்டா"ன்னு சொல்ல வாய் வரலை. ஆளுக்குப் பாதியா ஒரு ஆரஞ்சை உரிச்சுத் தின்னோம்.

வீட்டுக்கு வந்ததும் தங்கமணி, "எப்படி இருந்துச்சு?"ன்னா. "நல்ல வெயில்"னு சொல்லிட்டேன். நேத்து ராத்திரி இந்தப் பதிவை முதல்ல அவகிட்டதான் படிக்கக் கொடுத்தேன். முழுசும் படிச்சிட்டு என்னை ஒரு வார்த்தை திட்டலை.

"அந்தப் பையனை ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்க"ன்னா. அவ்வளவுதான்.