மாலத்தீவின் 'கண்டு'களில் டைவிங்... இழுக்கும் நீரோட்டத்தில் எந்த ஃபின்ஸ் கைகொடுக்கும்?

மாலத்தீவு என்றாலே நீலக் கடலும், தண்ணீருக்கு மேல் நிற்கும் குடில்களும்தான் நம் நினைவுக்கு வரும். ஸ்கூபா டைவர்களோ, "கண்டு பார்த்தாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பவளப்பாறை வளையத்துக்கு உள்ளே அமைதியான கடல். வெளியே இந்தியப் பெருங்கடல். இரண்டையும் இணைக்கும் கால்வாய்க்கு திவேஹி மொழியில் 'கண்டு' என்று பெயர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கிழக்குப் பக்கக் கண்டுகளில் பெருங்கடல் நீர் வேகமாக உள்ளே பாயும். தெளிந்த அந்த நீரோட்டத்தில் சாம்பல் சுறாக்களும் கழுகுத் திருக்கைகளும் கால்வாய் முகப்பிலேயே மிதந்து நிற்கும். அந்த அழகைக் காட்டும் நீரோட்டமேதான் ஆளையும் இழுக்கும்!

ஒரு நாட் வேகம் என்பது மணிக்கு 2 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால், நிமிடத்துக்குச் சுமார் 31 மீட்டர் தள்ளிவிடும். சிலிண்டரைச் சுமந்துகொண்டு இதை எதிர்த்து நெடுநேரம் நீந்துவது பெரும்பாலோருக்கு முடியாத காரியம். மூச்சு வாங்கும், காற்று மளமளவெனத் தீரும், பதற்றம் தொற்றிக்கொள்ளும்.

அப்படியென்றால் ஃபின்ஸ் எதற்கு? நீரோட்டத்தை ஜெயிக்க அல்ல. குறுக்காகக் கடந்து பாறை மறைவுக்குப் போய்ச் சேரும் அந்தச் சில உதைகளுக்காக!

பிளேடு: ஓரளவு விறைப்பான, அகலமான ஒற்றை பிளேடு நல்லது. நடுவில் பிளந்த 'ஸ்ப்ளிட்' வகை காலுக்கு இதமானதுதான். ஆனால், சட்டென உந்தவும் திரும்பவும் விறைப்பான பிளேடே கைகொடுக்கும். அதற்காக இருப்பதிலேயே விறைப்பானதை வாங்கிவிடக் கூடாது. கால் வலு போதாவிட்டால் பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

கால் பகுதி: ஷூபோல முழுக்க மூடிய வகை லேசானது. பூட்ஸோடு அணியும், குதிகால் திறந்த வகையில் ஸ்பிரிங் ஸ்ட்ராப் இருந்தால் நழுவாது. ஆடும் படகிலும் சுலபமாக மாட்டலாம்.

எடை: கனமான ரப்பர் ஃபின்ஸ் தண்ணீரில் மூழ்கும். மாலத்தீவின் வெதுவெதுப்பான கடலில் மெல்லிய உடையே போதும் என்பதால், அவை காலைக் கீழே இழுக்கலாம். விமானத்தில் லக்கேஜ் எடையும் கூடும்.

பொருத்தம்: குதிகால் ஆடக் கூடாது, விரல் நெரியவும் கூடாது. பூட்ஸ் போடுவதாக இருந்தால், அதை அணிந்தே அளவு பாருங்கள். புது ஃபின்ஸை முதலில் நீச்சல் குளத்தில் பழக்குங்கள். முதல் சோதனை கண்டுவில் வேண்டாம்.

எந்த ஃபின்ஸ் போட்டாலும் பாறையை ஒட்டியே நீந்துங்கள். அங்கே பெரும்பாலும் இழுவை குறைவு. வழிகாட்டியைத் தாண்டிப் போகாதீர்கள். பொழுதுபோக்கு டைவிங்குக்கு அங்கே உச்ச ஆழம் 30 மீட்டர்தான். ஒருவேளை நீரோட்டம் இழுத்துவிட்டால், மல்லுக்கட்டாமல் குழுவோடு சேர்ந்து நிதானமாக மேலேறி, அடையாள மிதவையை உயர்த்துங்கள். மேலே காத்திருக்கும் படகின் பெயர் 'தோனி'. நம்மூர் தோணியை நினைவூட்டும் அந்தப் படகு, மிதவையைப் பார்த்துத் தேடி வரும். ஃபின்ஸ் வாங்கும் பட்டியலில் அந்த மிதவைக்கும் ஓர் இடம் கொடுங்கள்!